ஆயுத பூஜையன்று ஓட்டிய அப்டேட்

அப்டேட் ஓடும்போது திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். கீழே இத்தனை சதவீதம் முடிந்தது என்று ஓர் எண். அதற்கும் கீழே, சிஸ்டத்தை அணைக்காதீர்கள் என்று ஒரு வரி. இருபது வருடமாக இந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்துதான் சோறு தின்கிறேன். ஆனால் மூன்று வருடமாக, அந்தப் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்து, அறையில் யாரும் பேசாமல் இருந்தால் போதும், ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமிவிட்டு, "வடக்கே வண்டிப்பாதை" என்று சொல்வது கேட்கும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் நிலைமை இன்னும் மோசம். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வரவும் வழியில்லை.

புதுக்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பையை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அன்னவாசல், கீரமங்கலம், சமயத்தில் கோட்டைப்பட்டினம் வரைக்கும் ஆபீஸ் ஆபீஸாகப் போவேன். பாலிடெக்னிக் முடித்துத் தொழிலுக்கு வந்த புதிதில், நான் உள்ளே நுழைந்ததும் "சார் வரலையா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "சாரும் நான்தான்" என்பேன். இப்போது எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டேன். கோபக்காரி என்று ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரில் தப்பில்லை.

அப்டேட் ஏறமாட்டேன் என்கிறது என்று கூப்பிடுகிற ஆபீஸ்களில் பாதிக்கு மேல் கோளாறு சிஸ்டத்தில் இருக்காது. ஒரு ஆபீஸில் சாயங்காலம் ஐந்தரை ஆனதும் வாட்ச்மேன் மெயினை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். பாதி ஏறிய அப்டேட் மறுநாள் காலையில் முதலிலிருந்து தொடங்கும். இப்படியே ஒன்றரை மாதம் ஓட்டியிருந்தார்கள். இன்னொரு ஆபீஸில் உள்ளே இருக்கும் பொட்டு பேட்டரி செத்துப்போய், சிஸ்டம் பத்து வருடத்துக்கு முந்தைய தேதியில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தேதியில் அந்த அப்டேட் பிறக்கவே இல்லை, பிறகெப்படி ஏறும்? மற்றதெல்லாம் இடம் பத்தாத கேஸ். கல்யாண வீடியோ, சாமி பாட்டு, ஒரே ஸ்கேனை ஏழு பெயரில் என்று அடைத்து வைத்திருப்பார்கள். அப்டேட் பாதி ஏறிப் பார்த்துவிட்டு, கால் நீட்ட இடமில்லை என்று, செய்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். நாம் இடம் பண்ணிக்கொடுக்க வேண்டும். இடம் பண்ணுவது என்றால் எதையாவது அழிப்பது. அழிப்பதற்கு எனக்கு ஒருநாளும் கை கூசியதில்லை.

அன்னவாசலில் ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அவருக்கு டைப் அடிக்க வராது, மகள்தான் அடிப்பாள். மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பத்து மணிக்குத்தான் வர முடியும். அவரோ விடிந்ததும் பார்ட்டியோடு போய் நிலத்தைப் பார்த்துவிட்டு ஏழரைக்கெல்லாம் திரும்பிவிடுவார். பார்த்தது மறப்பதற்குள் சிஸ்டத்தின் மைக்கில் பேசிப் பதிந்து வைப்பார். சர்வே எண், நான்கு எல்லை, வரப்பில் எத்தனை பனை, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு. மகள் வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு அடிப்பாள். அடித்து முடித்த பதிவை இரண்டு பேரும் அழித்ததில்லை. அழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு பங்குனியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த மகள் ஆபீஸை விடாமல் நடத்தினாள். அவருடைய மனைவி, எல்லோரையும் போல நானும் அம்மா என்று கூப்பிடுகிறவர், தினமும் மத்தியானம் மகள் சாப்பிட உள்ளே போனதும் முன்னறைக்கு வந்து சிஸ்டத்தின் முன்னால் உட்காருவார். ஒரு பதிவைப் போட்டுக் கேட்பார். ஒரு நாளைக்கு ஒன்று. ஒரே நாளில் நிறையக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் புரட்டாசியில் மகள் போன் பண்ணினாள். அப்டேட் முப்பத்தைந்து சதவீதம் போய் நிற்கிறது, பிறகு தானாக இறங்கிவிடுகிறது, பிரவுசரும் பழசாகிவிட்டது, ஆன்லைன் வேலை ஓடவில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். டிஸ்க் முட்டிக்கொண்டு நின்றது. வேலை நாளில் அதை நாள் முழுக்கப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஆயுத பூஜையன்று பதிவாளர் அலுவலகம் லீவு, அன்றைக்கே முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"அன்னைக்கு சாமி கும்புடணுமேக்கா. சிஸ்டத்துக்கும் பூஜ போடுவோமே" என்றாள்.

"பூஜைக்கு முன்னாடி முடிச்சிருவேன்" என்றேன்.

ஆயுத பூஜை வாரம் எங்கள் தொழிலுக்குப் பெரிய கண்டம். வருடம் முழுவதும் தூசி தட்டாதவர்கள் அன்றைக்கு சிஸ்டத்தை ஈரத் துணியால் குளிப்பாட்டுவார்கள். கீபோர்டைக் கவிழ்த்துக் குழாயில் கழுவுவார்கள். சந்தனத்தைக் காற்றுப் போகிற ஓட்டையில் அப்பி, பென் டிரைவ் செருகும் இடத்தில் குங்குமம் வைப்பார்கள். நான் போனபோது அந்த வீட்டிலும் அமர்க்களம் தொடங்கியிருந்தது. ஸ்பீக்கரைக் கழற்றி முற்றத்தில் காய வைத்திருந்தார்கள். அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். மகள் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கணும்க்கா" என்று அங்கிருந்தே சொன்னாள்.

பத்திரங்களை எல்லாம் என் டிஸ்கில் பிரதி எடுத்தேன். அதில் நான் கறார். ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் பதிவுகள் இருந்த ஃபோல்டரைப் பார்த்தேன். பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. சாமி பாட்டோ என்று சந்தேகம். ஸ்பீக்கர் இல்லாததால் ஒன்றே ஒன்றை என் பென் டிரைவில் எடுத்து என் லேப்டாப்பில் போட்டேன். தொண்டையைச் செருமும் சத்தம், "எழுதிக்கம்மா" என்று ஒரு குரல். பத்து வினாடிகூடக் கேட்கவில்லை. அடித்து முடித்த பத்திரத்துக்குச் சொன்னது, இனி எதற்கு என்று நிறுத்திவிட்டேன். வாசல் நான்கு எட்டில் இருந்தது. அடுப்படி ஆறு எட்டில் இருந்தது. இதை அழிக்கட்டுமா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். இலுப்பூரில் ஒரு ஸ்கூல் ஆபீஸ் எனக்காகக் காத்திருந்தது. குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் அப்படியே அழித்தேன். அப்போது மணி பதினொன்று.

அப்டேட்டை ஓட்டிவிட்டேன். முப்பத்தைந்தைத் தாண்டி ஏறியதும் மகளைக் கூப்பிட்டு, "தானா அணையும், தானா எந்திரிக்கும். யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இலுப்பூருக்குக் கிளம்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கும் சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு நல்ல நேரம். மகள் வீட்டுக்காரரையும் பிள்ளையையும் கூட்டிவரப் போயிருந்தாள். அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால், கற்பூரம் காட்டும்போது எந்த ஆயுதமும் ஓடக்கூடாது. அரிவாள்மனை, தையல் மெஷின், கிரைண்டர், அவர் பேனா எல்லாம் சும்மா இருக்க வேண்டும். சிஸ்டம் மட்டும் புள்ளிகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. வருடா வருடம் அவர் சொல்லி அம்மா செய்கிற வேலைதான். போய் மெயினை இறக்கினார். யுபிஎஸ் கீகீ என்று கத்தியது. அதையும் அணைத்துவிட்டு, திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்.

மறுநாள், விஜயதசமி காலையில் போனேன். சிஸ்டம் எழுந்திருக்கவில்லை. அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றி, பத்திரங்களை என் டிஸ்கிலிருந்து திரும்பப் போட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

"அவரு பேசுனதெல்லாம்?" என்றார் அம்மா.

எனக்குப் புரியவில்லை. மகள்தான் சொன்னாள், தினம் ஒன்று என்று அம்மா கேட்பதை. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "நான்தான் அணைச்சேன். நான்தான அணைச்சேன்" என்றார்.

"அப்டேட் ஓடும்போது அணைச்சா இப்படித்தாம்மா ஆகும்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எத்தனையோ ஆபீஸில் எத்தனையோ பேரைத் திட்டிச் சொன்ன வாக்கியம். நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அதுதான்.

டிஸ்க் பழுதாகிவிட்டது என்று சொல்லி வேறொன்றை மாட்டிவிட்டு, பழையதைக் கடைக்குத் தூக்கி வந்தேன். அழித்ததை மீட்கிற வித்தைகள் எனக்குத் தெரியும். ஆனால் அழித்த இடத்தின் மேல் அப்டேட் எழுதியிருந்தது, அதன் மேல் நானும் புதிதாக ஏற்றியிருந்தேன். நான்கு நாள் ஓட்டினேன். ஃபைல்களின் பெயர்கள் மட்டும் வந்தன. தேதியும் சர்வே எண்ணுமாக, வரிசையாக, இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். எதைத் திறந்தாலும் சர்ர்ர் என்று ஒரே இரைச்சல். எங்காவது ஒரு சொல் மிஞ்சியிருக்குமோ என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டேன். கடைக்கு வந்த ஒருவர், "என்னங்க, மழை சத்தமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முழுசாக மிஞ்சியது அந்த பென் டிரைவில் இருந்த ஒன்றுதான். முக்கால் நிமிடம். அதை அவர்களிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இது மட்டும் உங்களிடம் எப்படி என்று கேட்பார்கள். அதனால் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்காரரை மூன்று வருடம் பையில் சுமந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எப்போதாவது கடையில் ஆள் இல்லாத மத்தியானத்தில் போட்டுக் கேட்பேன். வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே கோயில் மானியம், தெற்கே வரத்து வாய்க்கால் என்று சொல்லிக்கொண்டே வருவார். மேற்கே என்று தொடங்குவதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, பதிவு நின்றுவிடும். அந்த நிலத்துக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஸ்கூட்டியில் போகும்போது எந்த வயலைப் பார்த்தாலும் மேற்குப் பக்கம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்த வீட்டுக்குப் போவதையும் என்னால் நிறுத்த முடியவில்லை. கூப்பிடாவிட்டாலும் போவேன். வைரஸ் பார்க்கணும், கேபிள் பார்க்கணும் என்று ஏதாவது சாக்கு. "வாம்மா" என்பார் அம்மா, ஒரு டம்ளர் டீ கொடுப்பார். மகளை விட்டுத்தான் லைட்டைப் போடச் சொல்வார் என்பதை நான் கவனித்திருந்தேன். கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இந்த வருடமும் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் போயிருந்தேன். மகள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் ஒரு சின்ன அப்டேட்டைப் போட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மிக்ஸி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. சட்னிக்கு இவ்வளவு நேரமா என்று நினைக்கும்போதே காந்தல் வாடை வந்தது. "யாராச்சும் வாங்களேன்" என்று அம்மாவின் குரல். ஓடினேன். மிக்ஸியின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சுவிட்ச் அவர் தோளுக்கு நேராக இருந்தது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றார்.

நான் பாய்ந்து அணைத்தேன். பயத்தில் எனக்குக் கத்தத்தான் வந்தது. "கைக்கு எட்டுற தூரத்துலதான இருக்கு. அணைக்க வேண்டியதுதானம்மா?"

"பக்கத்து வீட்டுப் புள்ள கொல்லப் பக்கமா வந்து போட்டுவிட்டுட்டுப் போச்சு. அணைக்கவும் அதுவே வரட்டும்னு நின்னேன்" என்றார். பிறகு, "நான் எதையும் அணைக்கிறது இல்லம்மா. அன்னையிலருந்து தொடுறது இல்ல. நான் தொட்டா என்ன போகுமோ" என்றார். அழவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் புகைக்குள் நின்று சொன்னேன். வேறு நல்ல இடம், நல்ல நேரம் பார்த்திருந்தால் இன்னும் மூன்று வருடம் ஆகியிருக்கும்.

"அம்மா, நீங்க மெயின அணைச்சதால அவரு குரல் போகல. அதுக்கு முன்னாடியே நான் அழிச்சுட்டேன். எடம் பத்தலைன்னு அழிச்சேன். பத்திரம்தான் அடிச்சாச்சே, இது எதுக்குன்னு நெனச்சுட்டேன். பதினோரு மணிக்கு."

அவர் ஏதோ கணக்குப் போடுவதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"நான் கற்பூரம் காட்டுறப்பவே அதுல அவரு இல்லையா?"

"இல்லம்மா."

"நான் அணைக்காம இருந்திருந்தாலும்?"

"இருந்திருக்க மாட்டாரு."

அம்மா மிக்ஸி ஜாரை எடுத்துத் தொட்டியில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "மூணு வருசமா இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போயிருக்கீங்க" என்றார். வாம்மா போம்மா என்றவர் வாயிலிருந்து அந்த 'நீங்க' வந்தது. எனக்கு அது போதும், அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் பத்திரக் கட்டு அப்படியே இருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"ஒண்ணாச்சும் மிஞ்சுச்சாக்கா?" என்றாள்.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். அதுவே பதில் என்று புரிந்துகொண்டாள். முன்னறையில் சிஸ்டம் அப்டேட்டை முடித்துவிட்டுத் தானாக எழுந்து காத்திருந்தது. அவள் அதில் செருகினாள். அம்மா அவருடைய நாற்காலியில் உட்காராமல், பார்ட்டிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் அவர் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கம்மா" என்றார். பிறகு மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, உள்பக்கமாகப் பார்த்து, வீட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "ஏய், இங்கிட்டு வந்து அந்த ஃபேன அணைச்சிரு. சத்தம் விழுகுது."

நான் எத்தனையோ தடவை கேட்ட வரிதான் அது. அதை யாரிடம் சொல்கிறார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அம்மா எழுந்தார். யோசிக்கவே இல்லை. நேராக சுவிட்ச் போர்டுக்குப் போய், பார்க்காமலே கையை வைத்து, ஃபேனை அணைத்தார். பதிவுக்குள்ளும் ஒரு சுவிட்ச் டக்கென்றது. அங்கே ஒரு ஃபேனும் இங்கே ஒரு ஃபேனும் மெதுவாகச் சுற்றி நின்றன. அந்த அமைதியில் அவர் சொன்னார், வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே கோயில் மானியம், தெற்கே வரத்து வாய்க்கால். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பதிவு முடிந்தது.

மகள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். இனி இந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது என்று தெரிந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் மகளிடம் சொன்னார்.

"இன்னொரு தடவ போடு."

மகள் முதலிலிருந்து போடுவதற்குள் அம்மா ஃபேனைப் போட்டார். அது வேகம் பிடித்து ஓடத் தொடங்கியது. சுவிட்சில் விரலை வைத்தபடி, அவர் அணைக்கச் சொல்வதற்காகக் காத்து நின்றார்.